கடல்மீன் தொட்டியில் திடீர்ப் பிரச்சினையா? மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

நேற்று இரவு வரை கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர், காலையில் பால் கலந்தது போல் இருக்கிறது. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பம்பிலிருந்து 'கரகர'வென்று ஒரு சத்தம். உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் அப்போது முதலில் செய்வது, ஒரு போட்டோ எடுத்து மீன் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணா, இதுக்கு என்ன மருந்து ஊத்தலாம்?" என்று கேட்பதுதான்.

போட்டோவைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. மீன் மூச்சு வாங்குவதற்கு ஆக்சிஜன் குறைவும் காரணமாக இருக்கலாம், அம்மோனியாவும் காரணமாக இருக்கலாம், வெயிலும் காரணமாக இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. எது என்று தெரியாமல் ஊற்றும் மருந்து, சில நேரம் மூல நோயை விடப் பெரிய பிரச்சினையைக் கொண்டுவந்துவிடும். எனவே, முதலில் அளக்க வேண்டும். பிறகுதான் ஊற்றுவதா, வேண்டாமா என்ற பேச்சு.

நன்னீர்த் தொட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கப்பி, கோல்ட் ஃபிஷ் வளர்த்த அனுபவத்தோடு உப்புநீர்த் தொட்டிக்கு வருபவர்கள்தான் அதிகம். குளம், ஓடையில் வாழும் மீன்கள், மழைக்கும் வெயிலுக்கும் தண்ணீர் மாறுவதைப் பார்த்துப் பழகியவை. பவளப்பாறை மீன்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. கடலில் உப்பு, வெப்பம், பிஹெச் ஆகியவை ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. வீட்டில் இருக்கும் 200 லிட்டர் தொட்டியில் சில மணி நேரத்தில் மாறிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கடைகளில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவை. தொட்டியில் ஒரு மீன் செத்தால், கடையில் இன்னொன்று வாங்கிவிடலாம். ஆனால், அந்த இன்னொன்றும் கடலிலிருந்துதான் வர வேண்டும்.

எந்த எண்கள் சரியான எண்கள்?

மீன்கள் மட்டும் உள்ள சாதாரண வீட்டுத் தொட்டிக்கு இவை போதும். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

- வெப்பநிலை: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ்
- உப்புத்தன்மை: 35 பி.பி.டி., அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு (ஒப்படர்த்தி 1.025 – 1.026)
- அம்மோனியா: 0
- நைட்ரைட்: 0
- நைட்ரேட்: 20 பி.பி.எம். அளவுக்குள் இருந்தால் நல்லது, 40-ஐத் தாண்டக் கூடாது
- பிஹெச்: 8.0 முதல் 8.4
- ஆல்கலினிட்டி: 7 முதல் 11 டி.கே.ஹெச்.

எண் லேசாக விலகியிருந்தால் பதறத் தேவையில்லை. பல மாதங்களாக 27.5 டிகிரியில் நிலையாக இருக்கும் தொட்டி, பகலில் 30, இரவில் 24 என்று ஊஞ்சலாடும் தொட்டியை விட மீனுக்குப் பாதுகாப்பானது.

முதல் 10 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, எல்லா பம்புகளும் ஓடுகின்றனவா, தண்ணீரின் மேற்பரப்பு அலைபாய்கிறதா என்று பாருங்கள். இரண்டு, தெர்மாமீட்டரைப் பாருங்கள். மூன்று, மீன்களை எண்ணுங்கள். பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒரு மீனோ, பெரிய நத்தையோ போதும், ஒரு சிறிய தொட்டியின் அம்மோனியாவை ஏற்றிவிடும். நான்கு, உப்பை அளந்து பாருங்கள். ஐந்து, அம்மோனியா டெஸ்ட் எடுங்கள்.

ஆறாவதாக உங்களிடமே ஒரு கேள்வி: கடந்த இரண்டு நாளில் என்ன மாறியது? புது மீன், புது உப்புப் பாக்கெட், ஃபில்டர் கழுவியது, ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டார் உணவு போட்டது, வீட்டில் பெயின்ட் அடித்தது... "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று தோன்றும்போது, பெரும்பாலும் பதில் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. ஏன்?

25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராம் கூடத் தாங்காது. 30 டிகிரிக்குப் போனால் இன்னும் குறைந்து 6-ஐச் சற்றே தாண்டி நிற்கும். அதாவது, உப்புநீர் மீனுக்கு ஆரம்பத்திலேயே கையிருப்பு குறைவு. சென்னையின் மே மாதம் அதையும் பறிக்கிறது.

எனவே, முதலுதவி எளிது. வேவ் மேக்கரை மேற்பரப்பை நோக்கித் திருப்புங்கள். ஏர் பம்ப் இருந்தால் உடனே போடுங்கள். உணவை நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் மீன் கீழே இறங்கினால், பிரச்சினை ஆக்சிஜன்தான். இறங்காவிட்டால், அடுத்த சந்தேகம் அம்மோனியா.

வெயிலைச் சமாளிக்க, தண்ணீரின் மேல் படும்படி ஒரு சிறிய ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி வரை குறையும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக உள்ள கடலோர ஊர்களில் அந்த அளவுக்குக் குறையாது. அங்கே சில்லர்தான் நம்பகமான வழி. சூடு தாங்காமல் ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடுவது வேண்டாம். வெப்பம் சட்டென்று விழும், உப்பும் குறையும்.

அம்மோனியா தெரிகிறது. என்ன அர்த்தம்?

மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாக மாறும். பாறையிலும் ஃபில்டரிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். "தண்ணி தெளிவா இருக்கே, மீன் விடலாம்ல?" என்ற அவசரத்தில்தான் பல தொட்டிகளின் முதல் மீன்கள் சாகின்றன. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

உப்புநீர்த் தொட்டியில் இது கூடுதல் ஆபத்து. அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஹெச் ஏற ஏற அதிகரிக்கும். பிஹெச் 7-இல் இருப்பதை விட 8.2-இல் அந்த நச்சுப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீர்த் தொட்டியில் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு, இங்கே மீனின் செவுளைச் சுட்டுவிடும்.

என்ன செய்வது? 30 முதல் 50 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியில் உள்ளதற்குச் சமமாக இருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் கண்டிஷனர் கையில் இருந்தால், இது ஒன்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். பிறகு காரணத்தைத் தேடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய தொட்டியில் திடீரென்று அம்மோனியா வந்தால், ஃபில்டர் பஞ்சையும் கற்களையும் யாராவது குழாய்த் தண்ணீரில் 'பளிச்'சென்று கழுவினார்களா என்று விசாரியுங்கள். குழாய் நீரின் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவதுதான் முறை.

நைட்ரேட் 80 காட்டுகிறது. 10 சதவீதத் தண்ணீர் மாற்றினால் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80-இல் 10 சதவீதம் மாற்றினால் 72 ஆகும். அவ்வளவுதான். 20-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பாதித் தண்ணீரை இரண்டு முறை மாற்ற வேண்டும். மீனுக்கு அதிர்ச்சி ஏற்படாமல் இருக்க, 20 சதவீதம் வீதம் சில நாள் இடைவெளியில் ஆறேழு முறை மாற்றுவது நல்லது. உணவைக் குறைக்காமல் இதைச் செய்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

புதுத் தொட்டியில் இன்னொரு குழப்பம் வரும். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் உண்மையை விட அதிகமாகக் காட்டும். நைட்ரைட் பூஜ்யம் ஆன பிறகு எடுக்கும் அளவையே நம்புங்கள். கிட்டின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உப்பு ஏன் தானாக ஏறுகிறது?

தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால், 35 பி.பி.டி. என்பது 39-ஐ நெருங்கிவிடும். குறைந்த தண்ணீரை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. "கடல் மீன் தொட்டிதானே" என்று தினமும் உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றினால் என்ன ஆகும்? நாளுக்கு 2 லிட்டர் என்றால் தினமும் 70 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். பத்தே நாளில் உப்பு 42 பி.பி.டி. ஆகிவிடும்.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில், சிறிது சிறிதாக, உப்பு நீரை எடுத்துவிட்டு நன்னீரைச் சேருங்கள். அதற்கு முன், அளக்கும் கருவி சரியா என்று பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் மேல். அதையும் 35 பி.பி.டி. சோதனைத் திரவத்தை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பாதுகாப்பானதா?

எல்லா ஆர்.ஓ.வும் ஒன்றல்ல. குடிநீருக்கான பல இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. சில மாடல்கள் 'காப்பர்' சேர்ப்பதையே விளம்பரமாகச் சொல்கின்றன. நமக்கு நல்லது என்று சொல்லப்படும் அந்தத் தாமிரம், இறால், நத்தை, பவளம் போன்றவற்றுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் வேண்டாம். தொட்டிக்கென்று தனியாக ஆர்.ஓ., டி.ஐ. ஃபில்டர் வைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரைப் பயன்படுத்துவதே சரி. போர் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் என்ன வருகிறது என்று சொல்ல முடியாது.

கொசு மருந்தும் இப்படித்தான். லிக்விட் வேப்பரைசர், ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நச்சு. அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுவதுதான் ஏர் பம்பின் வேலை. எனவே, தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் நல்லது.

பிஹெச் குறைவாகவே இருக்கிறதே?

பவுடர் வாங்கும் முன் ஒரு சோதனை. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை பால்கனிக்கு எடுத்துச் சென்று, ஏர் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் காற்று விடுங்கள். பிறகு பிஹெச் பாருங்கள். ஏறியிருந்தால், அறைக்குள் தேங்கிய கரியமில வாயுதான் காரணம். இரவெல்லாம் கதவைச் சாத்தி ஏ.சி. ஓடும் படுக்கையறைத் தொட்டிகளில் இது சகஜம். ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே சரியாகும். ஏறவில்லை என்றால் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள்.

கலங்கல், பழுப்பு, சிவப்பு, பச்சை: எது எதைச் சொல்கிறது?

*பால் போன்ற கலங்கல்:* பெரும்பாலும் பாக்டீரியா பெருக்கம். அதிக உணவு, செத்த உயிரினம், அல்லது பாட்டிலில் வாங்கி ஊற்றிய ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். இவை ஆக்சிஜனை வேகமாகத் தின்னும். ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

*மண்ணிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள்:* டயட்டம் எனும் நுண்பாசி. புதுத் தொட்டியில் வந்து, சில வாரத்தில் தானே போய்விடும்.

*சிவப்பு விரிப்பு:* சயனோபாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலைகளில் விரியும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, வேவ் மேக்கரின் திசையை மாற்றுங்கள்.

*பச்சை முடி:* நைட்ரேட், பாஸ்பேட் மிகுதி. உணவும் தண்ணீரும்தான் மூலம்.

*குமிழிகளோடு தொங்கும் பழுப்புச் சளி:* டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டிகளில் இது தலைதூக்கும். இங்கே இன்னும் சுத்தம் செய்தால் இன்னும் மோசமாகும்.

மீனின் உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகள் வந்தால், அது ஒட்டுண்ணி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான தாமிர மருந்தைப் பாறையும் மணலும் உள்ள முதன்மைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. பாறை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், இறால்களும் நத்தைகளும் சாகும். வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் மீனைத் தனியாக வைத்து, தாமிர அளவை டெஸ்ட் கிட்டால் பார்த்துக்கொண்டே வைத்தியம் செய்ய வேண்டும்.

கருவிகள் மக்கர் செய்தால்?

*பம்ப் சத்தம், வேகக் குறைவு:* பெரும்பாலும் உள்ளே படிந்த சுண்ணாம்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றி, பாதி வினிகர் பாதித் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசிய பிறகு மாட்டுங்கள். சுழலும் காந்தம் உப்பியிருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ அந்தப் பாகத்தை மாற்றிவிட வேண்டும்.

*ஸ்கிம்மரில் நுரை வரவில்லை:* புது ஸ்கிம்மர் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். பழையது என்றால், காற்று உறிஞ்சும் மெல்லிய குழாயில் உப்பு அடைத்திருக்கும். வெந்நீர் விட்டால் கரைந்துவிடும். மாறாக, நுரை பொங்கி வழிந்தால், புதிதாக ஊற்றிய கண்டிஷனரோ மருந்தோ காரணமாக இருக்கலாம்.

*ஹீட்டர்:* பழுதானால் ஓடாமல் நிற்பதை விட, நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. சமவெளி ஊர்களில் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டர் தேவையே இல்லை. ஏ.சி. அறையிலோ மலை ஊரிலோ வைத்தால், தனியாக ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வழியாக இணையுங்கள்.

*தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி:* மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், சேமிப்பு டப்பாவில் உள்ள மொத்த நன்னீரும் தொட்டிக்குள் போய்விடும். டப்பாவைச் சிறியதாக வையுங்கள். 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் முழுதும் கொட்டினாலும் உப்பு 33-க்குக் கீழே போகாது.

*கரன்ட் போனதும் தரையில் வெள்ளம்:* தொட்டிக்குக் கீழே ஃபில்டர் அறையாக 'சம்ப்' வைத்திருப்பவர்களுக்கு (வீட்டுத் தண்ணீர்த் தொட்டியான சம்ப் இல்லை) இது நடக்கும். பம்ப் நின்றதும் மேலிருக்கும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கும். திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இருந்தால் காற்றுப் புகுந்து ஓட்டம் நிற்கும். அந்தத் துளையில் பாசி அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்களே பம்பை நிறுத்தி, சம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று பார்த்து, மார்க்கரால் கோடு போட்டு வைப்பது நல்லது.

மின்வெட்டு நேரத்தில்?

முதலில் தீர்வது ஆக்சிஜன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால், ஒரு மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். உணவு போடாதீர்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் தொடங்கியிருக்கும். கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்தக் கழிவு முழுவதும் தொட்டிக்குள் பாயும். திறந்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டுப் போடுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒயர்களின் மேல் ஊர்ந்து வரும் வெள்ளை உப்புப் படிவு, பிளக் வரை போய்விடும். ஒவ்வொரு ஒயரும் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி வையுங்கள். சொட்டும் நீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தரையில் வைக்காதீர்கள். தொட்டியின் மின் இணைப்பு, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தண்ணீரில் கை வைக்கும்போது லேசாக 'சுர்'ரென்றால், "சும்மா ஏதோ" என்று விடாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எந்தக் கருவியில் கசிகிறது என்று கண்டுபிடித்துத் தூக்கிப் போடுங்கள்.

வாங்கும்போதே தவிர்க்கக்கூடிய பிரச்சினைகள்

கடினப் பவளங்களும் கடல்குதிரைகளும் 2001 முதல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. 'லைவ் ராக்' என்று விற்கப்படும் பவளப்பாறைத் துண்டும் இதில் சிக்கும். பீங்கான், சிமென்ட் போன்றவற்றால் செய்த செயற்கைப் பாறைகளில் பாக்டீரியா நன்றாகவே வளரும்.

மீனைப் பொறுத்தவரை, கோமாளி மீன்களைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். "இது ஹேச்சரி மீனா, கடல்ல புடிச்சதா?" என்று கடையில் கேளுங்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கும் காய்ந்த உணவுக்கும் பழகியிருக்கும்.

தொட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வையுங்கள். வாரம் ஒருமுறை வெப்பம், உப்பு, நைட்ரேட், பிஹெச் நான்கையும் தேதியோடு எழுதுங்கள். ஏதாவது மாற்றினால் அதையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாளாவது பொறுத்து, திரும்ப அளந்து பாருங்கள். அடுத்த முறை கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது, மீனின் போட்டோவோடு அந்தப் பக்கத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் பார்த்தால் அவராலும் உருப்படியான பதில் சொல்ல முடியும்.